பொட்டு வைத்த கம்ப்யூட்டர்கள்

அத்தியாயம் ஆறு

"நல்ல நேரம் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கக் கிளம்புற ஒரே டிடெக்டிவ் உலகத்திலேயே நீங்கதான் மேடம்" என்றான் கோபாலகிருஷ்ணன், வெஸ்ட்மீட் சிக்னலில் காரை நிறுத்திவிட்டு.

"நேரம் நான் பாக்கேல்லை. முதலாளி பாத்தவர்" என்றாள் செல்வராணி. "விஜயதசமிப் பூசை ஒன்பது மணிக்காம். பூசை முடிஞ்ச கையோட பின்னால இருக்கிற பிள்ளையின்ர விசாவும் முடியுது. பேசாமல் காரை ஓட்டும்."

செல்வராணி யாழ்ப்பாணத்துக்காரி. சிட்னியில் முறையாக லைசென்ஸ் வாங்கிய துப்பறிவாளர். அவளிடம் வருகிற கேஸ்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை நிஜமாகவே என்ஜினியர்தானா என்று விசாரிக்கச் சொல்லும் பெண் வீட்டாரின் கேஸ்கள். கோபாலகிருஷ்ணன் திருச்சிக்காரன். எம்.பி.ஏ. படிக்க ஆஸ்திரேலியா வந்து, படித்தும் முடித்து, அந்தப் படிப்பால் எந்தப் பாதகமும் ஏற்படாமல் அவளுக்கு உதவியாளனாகவும் டிரைவராகவும் இருக்கிறான். வாய் மட்டும் இரண்டு பேருக்கு உண்டான அளவு.

பின் சீட்டில் வைதேகி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டிச்வெல் சர்ஜிக்கல்ஸ் என்ற கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். ஆஸ்பத்திரிகளுக்குக் கையுறை, ஊசி, தையல் நூல் விற்கும் கம்பெனி. அவளை இந்த நாட்டுக்கு ஸ்பான்சர் செய்திருப்பதும் அதே கம்பெனி. வேலை போனால் விசா போகும், விசா போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"முழுசா ஒருக்காச் சொல்லும் பிள்ளை. இந்தத் தம்பிக்கும் விளங்கட்டும்."

"ஆஸ்பத்திரி டெண்டருக்கு எங்க கம்பெனி விலை குறிச்சு வெச்சிருந்தது மேடம். அதுக்குன்னு சார் ரூம்ல தனி சர்வர். அதுல நுழைய சாரால முடியும், சிஸ்டம் பார்க்கிறவங்கிறதால என்னால முடியும். வேற யாராலயும் முடியாது. முந்தாநாள் சாயங்காலம் டெண்டர் போயிடுச்சு. நேத்து பிரிச்சாங்க. போட்டிக் கம்பெனிக்காரன் ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எங்களைவிட ரெண்டு ரெண்டு சென்ட் குறைவா போட்டிருக்கான்."

"தற்செயலா இருக்கும்" என்றான் கோபால். "என் அரியர் பேப்பர்ல பக்கத்து பெஞ்ச்காரன் எழுதினதும் நான் எழுதினதும் ஒண்ணா இருந்த மாதிரி."

வைதேகி சிரிக்கவில்லை. "சாருக்கு தினமும் சர்வர்லேர்ந்து ஒரு சுருக்கம் மெயில்ல வரும். யார் எந்தக் கதவைத் திறந்தாங்கன்னு பேர் மட்டும். முந்தாநாள் தேதில டெண்டர் சர்வருக்கு நேரே என் பேர் இருக்கு. முழு விவரம் எழுதற லாக் நிரம்பி, பழசெல்லாம் அழிஞ்சு போச்சு. சார் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஸ்பான்சரை வாபஸ் வாங்கறதா இமிக்ரேஷனுக்கு லெட்டர் டைப் பண்ணிட்டார். முந்தாநாள் மத்தியானம்தான் வெள்ளைப் பூசணிக்காய் எங்க கிடைக்கும்னு தெரிஞ்ச ஆள் நான்னு என்னைக் கார்ல ஏத்திட்டு பிளெமிங்டன் மார்க்கெட் போனார். திரும்பி வர்ற வழி பூரா பூசணிக்காயை மடியில வெச்சுக்கிட்டு வந்தேன். அதுக்கு மரியாதை இது."

செல்வராணி திரும்பிப் பார்க்காமல் டிஷ்யூ பெட்டியைப் பின்னால் நீட்டினாள்.

"சரி. எங்கயோ ஒரு கம்ப்யூட்டரில இருந்துதான் உம்மட பேரால உள்ளுக்குப் போயிருக்கினம். அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"டிக்கெட்டை வெச்சு. காலைல லாகின் பண்றப்போ ஒரு தடவைதான் பாஸ்வேர்டு கேக்கும். அப்போ நம்ம பேர்ல ஒரு டிக்கெட் குடுக்கும். அப்புறம் எந்த சர்வருக்குப் போனாலும் அதைக் காட்டி, அந்த சர்வருக்குன்னு இன்னொரு டிக்கெட் வாங்கிக்கும். எல்லாம் நம்ம மிஷின்லயே சேர்ந்திருக்கும்."

"கோயில் கவுண்டர் மாதிரி எண்டு சொல்லும். பேரும் நட்சத்திரமும் ஒருக்காச் சொன்னாப் போதும். பிறகு ஒவ்வொரு சந்நிதியிலயும் சீட்டை நீட்டினாச் சரி. ஐயர் எங்கட முகத்தைப் பாக்கிறேல்லை, சீட்டைத்தான் பாப்பார்."

"ஆமா மேடம். கறுப்பு விண்டோவைத் திறந்து கே-லிஸ்ட்னு ஒரு கட்டளை அடிச்சா, கையில என்னென்ன டிக்கெட் இருக்கு, யார் பேர்ல, எந்த சர்வருக்கு, எப்ப வாங்கினதுன்னு காட்டிடும். எல்லா மிஷின்லயும் அந்தப் புரோகிராமை நான் போட்டு வெச்சிருக்கேன். என் மிஷினை நான் பூஜைக்கு முன்னாடி ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், அதுல எதுவும் இருக்காது. ரீஸ்டார்ட் பண்ணா எல்லாம் போயிடும். அதனால அது எனக்குச் சாட்சியும் ஆகாது."

"அப்ப திருடனும் ரீஸ்டார்ட் பண்ணியிருப்பானே?" என்றான் கோபால்.

"முடியாது சார். முந்தாநாள் ஆயுத பூஜை. பஞ்சாங்கப்படி இந்த வருஷம் விஜயதசமி ஒரு நாள் தள்ளி இன்னைக்கு. எங்க முதலாளி கல்யாணசுந்தரம் சார் ஆபீஸ்ல பூஜைக்கு வெச்ச மிஷினை விஜயதசமி வரைக்கும் யாரும் அணைக்கக் கூடாது, தொடவும் கூடாது. விளக்கு அணைஞ்ச மாதிரி ஆயிடுமாம். லாக் பண்ணி, சந்தனம் குங்குமம் வெச்சு, மாலை போட்டாச்சு. ஆபீஸ் சாவி அவர்கிட்ட மட்டும்தான்."

"டிக்கெட் காலாவதி ஆகியிருக்காதா?"

"வேர்ஹவுஸ்காரங்க சும்மா சும்மா பாஸ்வேர்டு கேக்குதுன்னு புலம்பினாங்க. நான்தான் டிக்கெட் ஆயுளை ஒரு வாரமா நீட்டி வெச்சேன்."

"அப்ப உங்க அக்கவுண்டை இன்னும் முடக்கலையா? திருடின்னு சொல்லிட்டு?"

"முடக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான் சார்."

கோபால் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். சிக்னல் பச்சைக்கு மாறியிருந்தது.

ஸ்டிச்வெல் சர்ஜிக்கல்ஸில் ஊதுவத்தி வாசம் வாசலிலேயே வரவேற்றது. உள்ளே ஐந்து மேஜைகளில் ஐந்து கம்ப்யூட்டர்கள், நெற்றியில் பொட்டும் கழுத்தில் செவ்வந்தி மாலையுமாக வீற்றிருந்தன. ஸ்டேப்ளருக்குக் கூடக் குங்குமம். மூலையில் பேக்ஸ் மிஷினுக்குக் கொஞ்சம் தாராளமாகவே சந்தனம் பூசியிருந்தார்கள். அதன் வாயில் ஒரு வெள்ளைக் காகிதம் தயாராகச் செருகப்பட்டிருந்தது. வைதேகி அதைப் பார்த்துவிட்டு உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கல்யாணசுந்தரம் பட்டு வேட்டியில் இருந்தார். "செல்வராணி அம்மா, நீங்க வந்ததுல சந்தோஷம், சுண்டல் சாப்பிட்டுட்டுப் போங்க. ஆனா இதுல துப்பறிய எதுவும் இல்ல. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. பூஜை முடிஞ்சதும் முதல் காரியமா அந்த லெட்டரை அனுப்பிடப் போறேன்."

"நல்ல நாளில நல்ல காரியம்" என்றான் கோபால். கல்யாணசுந்தரம் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

அவர் மனைவி நாகலட்சுமி கற்பூரத் தட்டோடு வந்தாள். ரிசப்ஷனும் அவள்தான், பூஜை இலாகாவும் அவள்தான். பின்னாலேயே சேல்ஸ் மானேஜர் அரியரத்தினம், தலை முழுக்க நரை, முகம் முழுக்கப் பரிவு.

"பாவம் இந்தப் பிள்ளை" என்றார் செல்வராணியிடம், ஊர்க்காரர் என்ற உரிமையில். "ஆசையில ஏதோ பிழை செய்திட்டுது. முதலாளியிட்ட மன்னிக்கச் சொல்லி நானும் கதைச்சனான் தங்கச்சி. எனக்கெண்டால் இந்தக் கம்ப்யூட்டர் கறுமம் ஒண்டும் விளங்காது. மவுஸைப் பிடிக்கவே கை நடுங்கும். ஏதுமெண்டால் இந்தப் பிள்ளையைத்தான் கூப்பிடுறது."

"நல்ல மனுசன்" என்றாள் செல்வராணி. "ஐயா கல்யாணசுந்தரம், விஜயதசமிக்கு நீங்கதானே ஒவ்வொரு மிஷினிலயும் முதல் எழுத்து அடிக்கிறது?"

"ஆமா. வருஷா வருஷம் 'ஓம்'னு அடிப்பேன்."

"இந்த முறை கூட அஞ்சு இங்கிலீஷ் எழுத்து அடிக்க வேணும். நீங்களே உங்கட கையால. வைதேகி ஒரு கீபோர்டையும் தொடமாட்டா, வாசலில நிப்பா. நாங்களும் தொடமாட்டம். அதில ஒண்டும் வரேல்லை எண்டால் நானே அந்த பேக்ஸை அனுப்பிவிடுறன்."

"என்ன எழுத்து?"

"கே, எல், ஐ, எஸ், டி."

"இது என்ன மந்திரம்?"

"அஞ்செழுத்து மந்திரம் சார்" என்றான் கோபால் பவ்யமாக.

கல்யாணசுந்தரம் அரை மனதாகச் சம்மதித்தார். மாட்டேன் என்று சொல்லி நல்ல நாளில் ஒரு சாபத்தை வாங்கிக்கொள்ள அவர் தயாராக இல்லை. கற்பூரம் காட்டி, மாலைகளை எடுத்தார்கள். அவரவர் தங்கள் பாஸ்வேர்டைப் போட்டுத் திறக்க, முதலாளி ஒற்றை விரலால் அடித்துக்கொண்டே போனார்.

முதலில் அவருடைய சொந்த மிஷின். கறுப்புத் திரையில் வரிகள் வந்தன. அவர் பெயரில் டிக்கெட்டுகள், அவற்றில் டெண்டர் சர்வருக்கும் ஒன்று.

"பாத்தீங்களோ? டெண்டர் சர்வருக்குப் போற ஆளிட்ட இப்பிடி ஒரு டிக்கெட் இருக்கும். போகாத ஆளிட்ட இராது" என்றாள் செல்வராணி.

நாகலட்சுமியின் மிஷினில் அது இல்லை. வேர்ஹவுஸ் மிஷினிலும் இல்லை. வைதேகியின் மிஷினுக்கு அவளே வாசலிலிருந்து பாஸ்வேர்டைச் சொன்னாள். "இனி அது எதுக்கு எனக்கு" என்றாள். அதில் இப்போதுதான் வாங்கிய ஒரே ஒரு டிக்கெட் இருந்தது.

ஐந்தாவது, அரியரத்தினத்தின் மேஜை.

"இதை முதல்ல ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப்போட்டுத் தொடங்குவமோ?" என்றார் அரியரத்தினம். "புதுசாத் தொடங்கினா நல்லது எண்டு ஒரு எண்ணம்."

"அட, அங்கிளுக்கு அந்த மிஷினை அணைக்கிறதுலயே குறி" என்று நாகலட்சுமி சிரித்தாள். "முந்தாநாள் மாலை போட வர்றேன், இவர் மட்டும் பட்டனை அமுக்கப் போறார். நான்தான் கையிலே ஒரு தட்டுத் தட்டினேன். சட்னு லாக் பண்ணிட்டு எழுந்துட்டார்."

"மவுஸ் பிடிக்கக் கை நடுங்கிற ஆள், சட்டெண்டு லாக் பண்ணினவராம்" என்றாள் செல்வராணி. எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். "ரீஸ்டார்ட் வேண்டாம். திறவுங்கோ அண்ணை."

அரியரத்தினம் திறந்தார். கல்யாணசுந்தரம் அடித்தார். வந்த டிக்கெட் எல்லாம் அரியரத்தினத்தின் பெயரிலேயே இருந்தன. டெண்டர் சர்வருக்கு எதுவும் இல்லை.

"முடிஞ்சுதா?" முதலாளி நிமிர்ந்தார். அரியரத்தினம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். வாசலில் வைதேகி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ் வரியில இன்னொரு கறுப்பு விண்டோ சுருங்கிக் கிடக்குது. அதையும் ஒருக்கா எழுப்புங்கோ."

கல்யாணசுந்தரம் எழுப்பினார். அதன் தலைப்பிலேயே வைதேகியின் பெயர் இருந்தது. ஐந்தெழுத்தையும் அடித்தார். இந்த முறை எல்லா டிக்கெட்டும் வைதேகி பெயரில். மூன்றாவது வரியில் டெண்டர் சர்வர்.

ஆபீஸே எதிர்பார்க்காத இடத்திலிருந்து சத்தம் வந்தது.

"கடவுளே!" அரியரத்தினம் நெஞ்சில் கை வைத்தார். "என்ர கதிரையில இருந்தே செய்திருக்கிறாள்! அண்டைக்குக் காலமை பிரிண்டர் சரியாக்க எண்டு வந்து என்ர மேசையில இருந்தவள். நம்பி எழும்பி இடம் குடுத்தனான். கேட்டுப் பாருங்கோ, இல்லையெண்டு சொல்லட்டும்!"

"வைதேகி?" என்றார் கல்யாணசுந்தரம்.

"உண்மைதான் சார், காலைல வந்தேன்" என்றாள் அவள் மெதுவாக. "பிரிண்டர் போடணும்னா என் பேர்ல விண்டோ திறந்துதான் ஆகணும். பாதியில வேர்ஹவுஸ்லேர்ந்து போன் வந்தது, ஓடினேன். மூட மறந்துட்டேன். ஆனா டெண்டர் பக்கமே நான் போகல."

"என் வாயாலயே எல்லாத்தையும் அடிக்க வெச்சு, கடைசில என் சந்தேகத்தைத்தானே உறுதி பண்ணீங்க!" கல்யாணசுந்தரத்துக்குக் கையும் வாயும் குழம்பும் அளவுக்குக் கோபம். "பேரும் அவள் பேர், விண்டோவும் அவள் விண்டோ. லட்சுமி, அந்த பேக்ஸை அனுப்பு!"

நாகலட்சுமி ஒரு கணம் தயங்கினாள். பிறகு சந்தனம் பூசிய பட்டனை அழுத்தினாள். மிஷின் நம்பரைச் சுழற்ற ஆரம்பித்தது.

"மேடம், இது நம்ம பிளான்ல இருந்ததா?" என்று கோபால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

செல்வராணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஐயா, அந்த மூண்டாவது வரியை முழுக்க வாசியுங்கோ. பேருக்குக் கீழ. டிக்கெட் எப்ப வாங்கினது எண்டு இருக்கும்."

"அது எதுக்கு?"

"பேரை மட்டும் வாசிச்சுப்போட்டு எழும்பிறது உங்களுக்குப் பழக்கமாப் போச்சு. அந்தச் சுருக்கத்திலயும் அதைத்தான் செய்தனீங்கள். வாசியுங்கோ!"

யாரும் அவரிடம் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. கல்யாணசுந்தரம் குனிந்தார். "முந்தாநாள்… மத்தியானம் ஒண்ணே கால்."

"பிரிண்டர் சரியாக்கினது காலமை. அரியரத்தினம் அண்ணையே இப்பத்தான் சொன்னவர். மத்தியானம் ஒண்டே காலுக்கு வைதேகி எங்க இருந்தவ?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத்தான் தெரியும். உங்கட காருக்குள்ள. மடியில பூசணிக்காயோட."

பேக்ஸ் மிஷின் எதிர்முனையோடு பேச ஆரம்பித்துக் கீச்சிட்டது. காகிதம் நகர்ந்தது.

கல்யாணசுந்தரத்தின் முகத்தில் பிளெமிங்டன் மார்க்கெட் முழுவதும் வந்து போனது. அடுத்த கணம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலைக்குப் பாய்ந்தார். எந்தப் பட்டனை அமுக்கினால் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. மண்டியிட்டு, சுவரிலிருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தார். பூஜையில் வைத்த மிஷினை அணைக்கக் கூடாது என்று ஆபீஸையே ஆட்டிவைத்த மனிதர் அணைத்த முதல் மிஷின் அதுதான்.

காகிதம் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது.

கோபால் குனிந்து பார்த்தான். "லெட்டர்ஹெட் போயிருக்கு. பிள்ளையார் படம் போயிருக்கு. 'டியர் சார்' போயிருக்கு. அதுக்கு மேல போகல. இமிக்ரேஷன்ல இன்னைக்குப் பூரா மண்டையை உடைச்சுப்பாங்க."

அரியரத்தினம் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பரிவெல்லாம் வடிந்து, வயசான மனிதர் ஒருவர் மட்டும் அங்கே மிச்சமிருந்தார்.

"போட்டிக் கம்பெனிக்காரன், டைரக்டர் எண்டு கதவில போர்டு போட்டுத் தாறன் எண்டவன்" என்றார் யாரையும் பார்க்காமல். "இஞ்ச எத்தனை வருஷமா சேல்ஸ் மானேஜர். சாப்பாட்டு நேரம் பாத்தன், அந்த விண்டோ திறந்து கிடந்தது. அதில அவளின்ர பேர் இருந்தது. எல்லாம் தானாத் திறந்து விட்டுது."

"பிறகு வந்து மூடியிருக்கலாமே அண்ணை? ஜன்னலால ஏறியாவது?" என்றாள் செல்வராணி. அவளுக்கு அது நிஜமாகவே புரியவில்லை.

"மாலை போட்டாச்சே" என்றார் அரியரத்தினம். "பூசையில வைச்சதைத் தொட்டா என்ன நடக்குமோ எண்டு பயந்திட்டன்."

கோபால் வாயைத் திறந்தான். செல்வராணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். இதற்கு மேல் வேடிக்கையாக எதையும் அவனால் சொல்லிவிடவும் முடியாது.

வைதேகி வாசலை விட்டு உள்ளே வந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. பேக்ஸ் மிஷினின் வாயிலிருந்து அந்தக் காகிதத்தை உருவினாள். நுனி கிழிந்து வந்தது. அதை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"வைதேகி…" கல்யாணசுந்தரம் இன்னும் தரையில்தான் இருந்தார், கையில் பிளக்கோடு. "நீ பக்கத்துலயே இருந்தே. எனக்கு ஏன் தோணலை? தப்பு என் பேர்லதான்மா. இன்னைக்கே வேலைக்கு வந்துடு."

"வர்றேன் சார்." அவள் அரியரத்தினத்தின் மேஜைக்குப் போனாள். நின்றபடியே அந்தக் கறுப்பு விண்டோவில் ஒரு வார்த்தை அடித்து அதை மூடினாள். அவள் பெயர் திரையிலிருந்து போனது. "இனிமே எவர் மேஜையிலயும் என் பேரை விட்டுட்டுப் போக மாட்டேன். இது நான் செஞ்ச தப்பு. ஆனா சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நான் இங்க நிரந்தரமாத் தங்கறதுக்கு நீங்க குடுக்கவேண்டிய பி.ஆர். நாமினேஷன் ஒரு வருஷமா உங்க டிராயர்ல தூங்குது. எப்பக் கேட்டாலும் நல்ல நாள் வரட்டும்னு சொல்றீங்க."

"அது வந்து… ஆமா, அனுப்பணும்…"

"என்னை அனுப்பறதுக்கு மட்டும் நாள் நல்லா இருந்ததே சார். அதே நாள்தான் இது. அதே மிஷின்தான். எனக்கு ரொம்பப் பயமா இருந்தது சார், நேத்து ராத்திரி பூரா தூங்கல. அதை அனுப்பிட்டுத்தான் நான் என் சீட்ல உக்காருவேன்."

அவள் குரல் உயரவில்லை.

கல்யாணசுந்தரம் மனைவியைப் பார்த்தார். "ராகு காலம் எப்போ லட்சுமி?"

நாகலட்சுமி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தாள். நேரே கணவரின் டிராயரைத் திறந்து, அடியிலிருந்து அந்தக் கவரை எடுத்துப் பிரித்து, பேக்ஸ் மிஷினில் செருகினாள்.

"பிளக்கை மாட்டுங்க" என்றாள்.

அவர் மாட்டினார்.